காளையையும் கேட்க வேண்டும்

(நயினாதீவு யாத்திரை வந்த நமது தோட்டத்துப் பால்மாடு வளர்ப்போரும் தீவகத்துக் கால்நடை வளர்ப்போரும் புளியங்கூடலில் கூடியபோது, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



நாளைக் காலை நாம் குறிகட்டுவானுக்குப் போய், வள்ளம் ஏறி, நாகபூஷணி அம்மனைக் கும்பிடப் போகிறோம். இந்த பஸ்ஸில் வந்த சிலர் பிள்ளை வரம் கேட்டு நேர்த்தி வைத்து வந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதைப்பற்றி நாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. நம்பிக்கை அவரவருக்கு. நாம் பேச வந்தது மாட்டைப்பற்றி. ஆனால் மாட்டைப்பற்றிப் பேசத் தொடங்கினால் அது மாட்டோடு நிற்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

நேற்றுப் பின்னேரம் இங்கே ஒரு மாட்டுக் கொட்டிலின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கார ஐயா பனையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, பசு சினைப்படேல்லை எண்டால் பசுவிலைதான் பிழை எண்டு விப்பினம். நாம்பனிலை பிழை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை." நாம் மலையில் எத்தனையோ வருசமாகப் பார்க்கிற கதையை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். உடனே நம் தோட்டத்துக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. அது நமக்குப் பெருமையான கதை அல்ல.

நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தில், ஒரு டிவிசனில் ஒருவர் பிரீசியன் கலப்புக் காளை ஒன்று வைத்திருந்தார். பார்த்தால் கண்பட்டுவிடும். கழுத்துத் திமிரும் நடையும் அப்படி. சுற்று லயமெல்லாம் அந்தக் காளையிடம்தான் பசுவைக் கொண்டுபோவார்கள். ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. ஒரு வருசத்தில் ஆறு பசுவுக்குச் சேர்த்தார்கள். ஆறும் திரும்பத் திரும்ப வேட்கைக்கு வந்தது. கடனுக்கு வாங்கின மாடுகள் அவை. பால் இல்லாமல் கடன் கட்ட முடியாது. நம்மிடம் வந்து கேட்டார்கள். நாமும் புத்தகத்தில் "மலடு, விற்கலாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். ஐந்து மாடு வெட்டுக்குப் போனது. ஆறாவது பசுவின் சொந்தக்கார அக்கா மட்டும், "நான் குடுக்க மாட்டேங்க, அது என் மக மாதிரி" என்று சொல்லி, நாலு மைல் நடத்திக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். முதல் ஊசியிலேயே பிடித்தது. கிடாரிக் கன்று போட்டது.

அந்தக் கன்றைப் பார்த்த அன்றுதான் நமக்கு உறைத்தது. ஆறு பசுவும் ஒரே நேரத்தில் மலடாக முடியுமா? ஆறுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதானே! அதை நாம் ஒருநாளும் கேட்கவில்லை. கடாவெட்டுக்கு நாள் பார்ப்பதுபோல ஐந்து மாட்டுக்கு நாளைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.

அதன் பிறகுதான் நாம் இந்த விசயத்தைத் தேடிப் படிக்கவும், மிருக வைத்தியர்களை நச்சரிக்கவும் தொடங்கினோம். நமது படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிந்த படிப்பு. விளங்கினதை விளங்கின மாதிரிச் சொல்கிறோம்.

விந்து என்றால் ஏதோ ஒரே பொருள் என்று நினைக்கிறோம். அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று விந்தணு. தலையும் வாலுமாக நீந்துவது. மற்றது அது மிதந்து வருகிற நீர். காளை ஒருமுறை விடுகிற விந்து நாலைந்து மில்லிலீற்றர்தான், ஒரு தேக்கரண்டி அளவு. அதற்குள் பல நூறு கோடி விந்தணு. இந்த இரண்டிலுமே புரதங்கள் இருக்கின்றன.

புரதம் என்றதும் பருப்பு, முட்டை, கருவாடு என்று நினைப்பீர்கள். பிள்ளை மடுவத்தில் நாமும் அப்படித்தான் படித்துக் கொடுத்தோம். அது சாப்பாட்டுப் புரதம். உடம்புக்குள் புரதம் என்பது வேலையாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் புரதம். கொழுந்து எடுக்கிறவர் வேறு, கவ்வாத்து வெட்டுகிறவர் வேறு, ஸ்டோரில் அரைக்கிறவர் வேறு என்கிற மாதிரி. விந்திலும் அப்படிப் பல வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் அந்த வேலை நின்றுவிடும். பார்வைக்குத் தோட்டம் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும்.

முதல் வேலை மூட்டை கட்டுவது. தகப்பன் மிருகத்தின் பரம்பரைச் சரக்கு முழுவதையும் அந்தக் குட்டித் தலைக்குள் அடைக்க வேண்டும். அதை இறுக்கிக் கட்டுகிற புரதத்துக்குப் புரோட்டமின் என்று பெயர். இதைக் கண்டுபிடித்தது மாட்டில் அல்ல, மீனில். 1874இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பிரீட்ரிக் மீஷர் என்பவர் ரைன் ஆற்றுச் சமன் மீனின் விந்தில் கண்டார். கட்டு தளர்ந்தால் போகிற வழியில் சரக்கு பழுதாகும். அணு நீந்தும், முட்டையிலும் சேரும், ஆனால் கரு தங்காமல் போகலாம்.

இந்தக் கட்டு கட்டுகிற வேலை வெயிலுக்குக் கெட்டுப்போகும். விதை உடம்புக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். உடம்புச் சூட்டைவிடச் சில பாகை குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள். பிறகு முதிர்கிற குழாயில் இன்னும் ஒரு பத்து நாள். ஆகவே இன்றைக்குக் காளை விடுகிற விந்து, இரண்டு மாதத்துக்கு முந்திய காளையின் விந்து. அன்றைக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் இன்றைக்குத்தான் தெரியும். இந்தத் தீவிலே ஆடி, ஆவணியில் அடிக்கிற வெயிலை இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம்பனைப் பட்டப்பகலில் வெட்டவெளியில் கட்டாதீர்கள். வேம்பு நிழலாவது வேண்டும்.

அடுத்தது அந்த நீரில் உள்ள புரதங்கள். இது நமக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காளையின் விந்துப்பையிலிருந்து வருகிற நீரில் ஒரு புரதக் கூட்டம் உண்டு. அது விந்தணுவின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். பசுவின் கருக்குழாய்க்குள் போனதும், இறங்குதுறையில் கயிறு போட்டுக் கட்டின வள்ளம் மாதிரி, அணுவைக் குழாயின் சுவரில் பிடித்து வைக்க இந்தப் புரதம் உதவும். முட்டை வருகிற நேரம் வரைக்கும் அணு அங்கே காத்திருக்கும். அதோடு மேல்தோலிலுள்ள கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, முட்டையைத் துளைக்க அணுவைத் தயார்ப்படுத்துவதும் இதே கூட்டம்தான். இவ்வளவும் பசுவுக்குள் நடந்தால் நல்லது. போத்தலுக்குள் நடந்தால்? அங்கே முட்டையும் இல்லை, சுவரும் இல்லை. புரதம் கொழுப்பை உருவிக்கொண்டே இருக்கும், அணுவின் தோல் பலவீனப்பட்டுப் போகும். கூலிக்காரன் வேலை நேரம் முடிந்த பிறகும் கவ்வாத்துக் கத்தியை வீசிக்கொண்டே இருந்தால் தேயிலைச் செடியில் என்ன மிஞ்சும்?

இதற்கு மருந்து கோழி முட்டை மஞ்சள்கரு. 1939இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பிலிப்ஸ் என்பவர், விந்தோடு மஞ்சள்கருவைக் கலந்தால் கெடாமல் இருக்கிறது என்று கண்டார். ஏன் என்று அப்போது தெரியாது. செய்தால் நல்லது, செய்தார்கள். நமது பாட்டிமார் வைத்தியம் மாதிரி. காரணம் விளங்க அறுபது வருசத்துக்கு மேல் ஆயிற்று. கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் மஞ்சுநாத் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், மஞ்சள்கருவிலுள்ள கொழுப்புத் துணிக்கைகள் அந்தப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அதனால்தான் அணு தப்புகிறது என்று காட்டினார்கள்.

ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்குச் செய்வதை அப்படியே ஆட்டுக்குச் செய்ய முடியாது. கிடாயின் விந்தில், அடிச் சுரப்பி ஒன்றிலிருந்து வருகிற ஒரு நொதியம் உண்டு. நொதியமும் ஒரு புரதம்தான். அது மஞ்சள்கருவைத் திரைய வைத்து, அணுவுக்கே நஞ்சாக்கிவிடும். 1957இல் இந்திய விஞ்ஞானி ராய் இதைக் கண்டு எழுதினார். ஆகவே கிடாயின் விந்தைச் சேமிப்பதற்கு முன் அந்த நீரைக் கழுவி நீக்குவார்கள், அல்லது மஞ்சள்கருவை மிகவும் குறைப்பார்கள். ஒரே புரதம் அல்ல, ஒரே மிருகம் அல்ல. யாராவது "மாடோ ஆடோ எல்லாம் ஒண்டுதான்" என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நமது பிரீசியன் காளைக்கு வருவோம். அதை அன்று யாரும் சோதிக்கவில்லை. ஆகவே அதற்கு என்ன குறை என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்வைக்கு ராசா மாதிரி இருந்தும் கன்று கொடுக்காத காளைகள் உலகத்தில் இருக்கின்றன. 2014இல் ஜேர்மனியில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஃபிளெக்ஃபீ என்ற இனத்தில், செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வைத்திருந்த ஏறக்குறைய 8,000 காளைகளின் கணக்கைப் பார்த்தார்கள். 40 காளைகளின் விந்தைப் போட்டால் நூற்றுக்கு இரண்டு பசுகூடச் சினைப்படவில்லை. விந்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எண்ணிக்கை சரி, நீச்சல் சரி, உருவம் சரி. ஒன்றும் பிடிபடவில்லை. பரம்பரைச் சரக்கைத் தேடிப் பார்த்தபோதுதான், விந்தணுவின் மேலே இருக்க வேண்டிய ஒரு சின்னப் புரதம் அந்தக் காளைகளில் இல்லை என்று தெரிந்தது. அணுவும் முட்டையும் ஒன்றாக உருகிச் சேர்வதற்கு அந்தப் புரதம் தேவை என்று பின்னாளில் சுண்டெலிகளிலும் காட்டினார்கள். வாசல் வரைக்கும் வந்தாயிற்று, திறப்பு இல்லை.

அதே குறை உள்ள பெண் மாடுகள் ஒழுங்காகக் கன்று போட்டன என்பதையும் கவனியுங்கள். குறை பரம்பரையில் ஒளிந்து வரும், காளையில் மட்டும் வெளிப்படும்.

இந்தத் திறப்புப் புரதங்களில் முதலில் பேர் வாங்கினது இன்னொன்று. 2005இல் ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் ஒக்காபே என்பவரின் குழு கண்டது. அதற்கு இசுமோ என்று பெயர் வைத்தார்கள். இசுமோ அவர்கள் நாட்டில் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ளப் போகிற ஒரு கோயில். விஞ்ஞானிகள்கூடக் கோயில் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் பார்த்தீர்களா! முட்டையின் பக்கத்தில் அதை ஏற்றுக்கொள்கிற புரதத்தை 2014இல் இங்கிலாந்தில் கண்டு, உரோமரின் கல்யாணத் தெய்வமான ஜூனோவின் பெயரை வைத்தார்கள்.

நல்ல காளையைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். 1993இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிலியன் என்பவரும் கூட்டாளிகளும், கன்று அதிகம் கொடுக்கிற காளைகளின் விந்து நீரில் இரண்டு புரதங்கள் கூடுதலாகவும், குறைவாகக் கொடுக்கிற காளைகளில் வேறு இரண்டு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார்கள். நல்ல பக்கத்துப் புரதங்களில் ஒன்று, எலும்பிலும் இருக்கிற ஒஸ்டியோபொன்டின் என்று பிறகு தெரிந்தது. ஆனால் நமது ஊர் மிருக வைத்திய நிலையத்தில் இதை அளந்து சொல்ல மாட்டார்கள். அது பெரிய ஆய்வுகூட வேலை. ஏழைக்கு இருக்கிற சோதனை ஒன்றே ஒன்றுதான். எழுதி வைப்பது. எந்தக் காளை, எந்தத் திகதி, பிடித்ததா இல்லையா.

ஊசி போடுகிறவர்கள் கொண்டுவருகிற விந்து எங்கிருந்து வருகிறது என்று சிலருக்குத் தெரியாது. குண்டசாலையிலும் பொலன்னறுவையிலும் அரசாங்கத்தின் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையங்கள் இருக்கின்றன. காளையிலிருந்து எடுத்த விந்தைச் சோதித்து, கலந்து, மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைதரசனில் வைக்கிறார்கள். சைபருக்குக் கீழே 196 பாகைக் குளிர். உறைகிறபோது அணு சாகாமல் இருக்கக் கிளிசரோல் சேர்ப்பார்கள். அது 1949இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. என்ன செய்தாலும் உறைந்து உருகுகிறபோது பாதியளவு அணு செத்துப்போகும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் ஒரு குழாயில் கோடிக் கணக்கில் அடைக்கிறார்கள். ஒரு குழாயில் காளையின் இலக்கம் அடித்திருக்கும். அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. காசு கொடுத்து அரிசி வாங்கினால் சம்பாவா நாட்டரிசியா என்று கேட்கிறோம்தானே.

தவறு காளையில் இல்லாமல் வழியிலும் நடக்கலாம். கலனில் நைதரசன் குறைந்துபோனால் உள்ளே இருப்பது வெறும் தண்ணீருக்குச் சமம். ஒருமுறை வெளியே எடுத்த குழாயைத் திரும்ப உள்ளே வைத்தாலும் அப்படித்தான். உடம்புச் சூட்டளவான தண்ணீரில் அரை நிமிசம் போல வைத்து உருக்க வேண்டும். கைக்குள் வைத்துத் தேய்க்கக் கூடாது. நேரமும் முக்கியம். பசு காலையில் கத்தத் தொடங்கி, மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நின்றால் பின்னேரம் ஊசி. பின்னேரம் நின்றால் மறுநாள் காலை. பிரட்டு முடிந்து, கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, சோறாக்கி, பிறகு ஆள் தேடிப் போனால் நேரம் தப்பிவிடும். இதனால்தான் தோட்டத்தில் பாதி ஊசி வீணாகிறது என்பது நமது அபிப்பிராயம். வேலைக்குப் போகிற அக்காமார், வீட்டில் இருக்கிற பெரியவரிடம் மாட்டைப் பார்க்கச் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு ஊசிக்கும் பிடிக்காது. ஒரு தரம் தப்பினால் 21 நாளில் திரும்ப வரும். மூன்று தரம் தப்பினால் வெட்டுக்காரனைக் கூப்பிடாதீர்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். பசுவிலும் குறை இருக்கலாம். கருப்பையில் புண் இருக்கலாம், தீன் போதாமல் இருக்கலாம். வரட்சியில் வெறும் பனையோலையும் காய்ந்த புல்லும் தின்கிற மாடு வேட்கைக்கே வராது. பசுவுக்குக் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பசுவைப் பார்க்கிற அதே கண்ணால் காளையையும், விந்தையும், கலனையும், நேரத்தையும் பார்க்கச் சொல்கிறோம்.

இனி, மாட்டோடு நிற்காது என்று தொடக்கத்தில் சொன்னோமே, அந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

அந்த ஆறு மாட்டுக் கதை நடந்த லயத்திலேயே ஒரு மருமகள் இருந்தது. கல்யாணம் முடித்து ஏழு வருசம். வயிற்றில் ஒன்றுமில்லை. கோயில், குளம், மந்திரிச்ச நூல், மூன்று வைத்தியர். எல்லாம் அந்தப் பிள்ளைக்கு மட்டும். மலையில் குளிர் காலத்தில் ஈரச் சீலையோடு அது கோயில் சுற்றினதை நாம் பார்த்திருக்கிறோம். மாமியார் தண்ணீர்ப் பீலியடியில் வைத்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார். என்ன வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையை ஒருதரம்கூட யாரும் சோதிக்கவில்லை. நாம் கேட்டபோது, "எனக்கு என்னங்க குறை, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். நல்லாத்தான் இருந்தார். அந்தக் காளையும் நல்லாத்தான் இருந்தது.

பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட கணக்கு. மனிதனின் விந்தணுவிலும் இதே மாதிரி மூட்டை கட்டுகிற புரதம் உண்டு, திறப்புப் புரதம் உண்டு. இசுமோ நம்மிடமும் இருக்கிறது. சிறுவயதைத் தாண்டி வருகிற கூகைக்கட்டு, விதையில் நரம்பு புடைப்பது, அளவுமீறின குடி, சிகரெட், பீடி எல்லாம் விந்தைக் கெடுக்கலாம். மருந்தடிக்கிற வேலையும் அப்படி. 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிபிசிபி என்கிற புழுக்கொல்லி மருந்து செய்த தொழிற்சாலையில், ஆண் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் கவனித்தார்கள், ஒருவருக்கும் புதிதாகப் பிள்ளை பிறக்கவில்லை என்று. சோதித்தால் பலருக்கு விந்தணு இல்லை, அல்லது மிகக் குறைவு. அதே மருந்தைக் கொஸ்தாரிக்கா வாழைத் தோட்டங்களில் அடித்த தொழிலாளர்களுக்கும் அதே கதி. அந்த ஊர்களிலும் முதலில் பெண்களைத்தான் குறை சொல்லியிருப்பார்கள், வேறென்ன! மருந்தடிக்கிற தம்பிமார் கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தராவிட்டால் நம்மிடம் வந்து சொல்லுங்கள்.

ஆணுக்குச் சோதனை பெரிய வேலை அல்ல. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரைக்கும் சேராமல் இருந்து, ஒரு போத்தலில் விந்து கொடுப்பது. அவ்வளவுதான். வெட்டுவது, தைப்பது ஒன்றும் இல்லை. பெண்ணுக்குச் செய்கிற சோதனைகளோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு தரம் குறைவாக வந்தாலும் பயப்பட வேண்டாம், திரும்பச் செய்து பார்ப்பார்கள். ஆணிலும் விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். காய்ச்சல் வந்து போனவருக்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வேறு கணக்கு வரலாம். எண்ணிக்கையும் நீச்சலும் சரியென்று வந்தாலும், உள்ளே ஒரு புரதம் குறைந்திருக்கலாம் என்பதைத்தான் அந்த ஜேர்மன் காளைகள் காட்டின. ஆகவே ஆணின் அறிக்கை சரி என்று வந்த உடனே, "பார்த்தியா, உன்னிலதான் பிழை" என்று வீட்டுக்கு வந்து கத்தவும் இடமில்லை.

அந்த மாப்பிள்ளை கடைசியில் போனார். காளைக் கதையை வைத்து லயத்துப் பொடியன்கள் பகிடி பண்ணினதில் கோபம் வந்துதான் போனார் என்று கேள்வி. எப்படியோ போனார். எண்ணிக்கை குறைவு என்று வந்தது. வைத்தியம் தொடங்கினார்கள். பிள்ளை பிறந்ததா என்று கேட்காதீர்கள், அது அவர்கள் வீட்டு விசயம். பீலியடியில் அந்த வார்த்தை நின்றுவிட்டது. அது நமக்குத் தெரியும். மாமியார் இந்த பஸ்ஸில் வரவில்லை, ஆகவே தைரியமாகச் சொல்கிறோம்.

அந்த ஐந்து மாட்டுக்குக் கையெழுத்து வைத்த புத்தகம் இன்னமும் நம்மிடம் இருக்கிறது. இப்போது யாராவது மாடு விற்கக் கையெழுத்துக் கேட்டு வந்தால், முதலில் காளையின் இலக்கத்தைத்தான் கேட்கிறோம்.

வாசல் மேசையில் கார்ட்டுகள் வைத்திருக்கிறோம். மாட்டின் பெயர், வேட்கை கண்ட திகதியும் நேரமும், ஊசி போட்ட நேரம், குழாயில் இருந்த காளை இலக்கம், 21ஆம் நாள் என்ன நடந்தது என்று ஐந்து கட்டம். கிராமத்துக் காளையிடம் கொண்டுபோனால் யாருடைய காளை என்று எழுதுங்கள். நம்மாட்கள் வீட்டுக்கு ஒன்று எடுங்கள். புளியங்கூடல் ஆட்களுக்கும் போதுமான அளவு இருக்கிறது. மூன்று வீட்டுக் கார்ட்டில் ஒரே இலக்கம் விழுந்து, மூன்றும் தப்பியிருந்தால், மூன்றையும் சேர்த்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கொடுங்கள்.

ஆண்களுக்குத் தனியாக ஏதாவது கேட்க இருந்தால், சாப்பாடு முடிந்த பிறகு கிணற்றடிப் பக்கம் நாம் நிற்போம். பஸ் காலை ஆறு மணிக்கு.